வடிவு வீட்டுத் தட்டட்டியில் மட்டும் மழை

அப்பளத் தெருவில் அந்த வருஷத்து முதல் மழை செண்பகவடிவு வீட்டுத் தட்டட்டியில் மட்டும் பெய்தது. தட்டட்டி என்றால் மொட்டைமாடிதான், எங்கள் ஆற்றங்கரைப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாசி மாத மத்தியானம், கண் கூசுகிற வெயில், தெரு நெடுக வீட்டுக்கு வீடு தட்டட்டியில் பாயை விரித்து, பாய்மேல் பழைய வேட்டியை விரித்து, வேட்டிமேல் அப்பளத்தைக் காயப் போட்டுவிட்டு, பெண்கள் எல்லாரும் அடுத்த ஈடு மாவை இடித்துக்கொண்டிருந்த நேரம். வடிவு மட்டும் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கதையை வாசித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்து, மறுபடி வாசித்து, மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கம் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"ஏட்டி வடிவு, ஒன் வீட்டுல மட்டும் மழை பெய்யுது. அப்பளத்த எடு."

வடிவு வாசித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினாள், மழை நின்றது. அப்பளத்தை வாரி எடுத்து வைத்துவிட்டு வந்து திறந்தாள், பெய்தது. மூடினாள், நின்றது. ஆவுடைத்தங்கம் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, "எந்த எடம் படிக்க?" என்று கேட்டாள்.

"அவ மணமேடையில ஒத்தையா நிக்கா யக்கா."

"அப்பம் பெய்யத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவள் மாவிடிக்கப் போய்விட்டாள். மழை எப்படி வந்தது, ஏன் வந்தது என்று அந்தத் தெரு நடத்திய விசாரணை மொத்தமே அவ்வளவுதான்.

ஆவுடைத்தங்கம் பேய்க்கதைக்காரி. வடிவு பல வருஷமாக அவளிடம் தன் கதைகளை நீட்டுவாள், அவள் கையால்கூடத் தொடமாட்டாள். "ஒன் அழுமூஞ்சிக் கதையெல்லாம் எனக்கு ஆகாது தாயி. கழுத்த நெரிக்கணும், கதவு தானாத் தொறக்கணும், அதான் கதை." வடிவுக்கு உலகத்தில் தீராத குறை அது ஒன்றுதான், நகை கேட்டுப் புருஷனை நச்சரிக்காதவள், ஆவுடைத்தங்கத்தை மட்டும் நச்சரித்தே தீர்த்தாள். அன்றைக்கு மழையைப் பார்த்துவிட்டுப் போன ஆவுடைத்தங்கத்துக்கு ஆசை தாங்கவில்லை. மாவை அப்படியே போட்டுவிட்டுத் தன் பேய்க்கதை ஒன்றைப் பிரித்தாள். பிரித்த கையோடு அவள் வீட்டுக்கு மேலே மட்டும் நட்டநடு மத்தியானத்தில் கும்மிருட்டு வந்து இறங்கி, சில்லென்று ஒரு காற்று சுழன்று, கோழிகள் எல்லாம் பொழுது சாய்ந்துவிட்டதென்று கூட்டுக்குள் போய் அடைந்துகொண்டன.

அப்புறம் கேட்கவா வேண்டும்! தெருவே புத்தகமும் கையுமாக ஆகிவிட்டது. டீக்கடை பூலுடையார் துப்பறியும் கதையைப் பிரித்தால் கடைமேல் மூடுபனி கவிந்து, எதிரில் இருக்கிற ஆள் தெரியாமல், டீ குடிக்க வந்த ஒரு பஸ் கண்டக்டர், டீக்கிளாஸ் என்று நினைத்துப் பால்சட்டிக்குள்ளேயே கையை விட்டார். விண்வெளிக் கதை வாசிக்கிற டைப்பிஸ்ட் பெண் வீட்டுக்கு மேலே வானம் பச்சையாகி, பகலில் நட்சத்திரம் முளைத்து, தலைமுடி எல்லாம் குத்திட்டு நின்றது. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்ற புத்தகங்களையே வாசிக்கிற வீட்டுத் தரகர் ஒருத்தர் மட்டும் தினமும் தட்டட்டியில் போய் நின்று, "வருது, வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றும் வரவில்லை.

வடிவின் புருஷன் சொரிமுத்து சரித்திரக் கதைப் பைத்தியம். அவன் பக்கத்தைப் புரட்டினால் தட்டட்டியில் குளம்புச் சத்தம் கேட்கும், புழுதி எழும்பும், குதிரைச் சாணி நாற்றம் குப்பென்று அடிக்கும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் வாசித்த அன்றைக்கு மழையும் புழுதியும் கலந்து தட்டட்டி சேறாகி, ரெண்டு நாளில் அதில் கத்தரிச்செடி முளைத்துவிட்டது. "காலையில ஒங்க ராசா, மத்தியானம் என் அழுகை" என்று வடிவு பாகம் பிரித்துக் கொடுத்தாள், சண்டை தீர்ந்தது.

தெருக்கோடியில் இருந்த கிளை நூலகத்தில் அதுவரைக்கும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிற நாலு பேர்தான் உண்டு. இப்போது ரேஷன் கடை மாதிரி வரிசை. பக்கத்து வீட்டுக்கு அப்பளத் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது, அடியில் ஒரு புத்தகம் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. "இதப் படிச்சுப் பாரு, விடியும் மட்டும் கீழ வைக்கமாட்ட", "படிச்சிட்டியா, எங்க இருக்க, அந்தக் கெணத்தடி வந்துட்டா?" என்று தட்டட்டிக்குத் தட்டட்டி கத்துகிற சத்தத்தில் காக்காய்களே தெருவை விட்டு ஓடிப்போயின. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு என்ன படிக்கும்?" என்று கேட்டு, பெண்ணின் அப்பா "பி.காம்" என்றதும், "அது கெடக்கட்டும், வீட்டுமேல என்ன வரும்னு சொல்லும் வே" என்றார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சித்திரை பிறக்கும் வரைக்கும். வைகாசிக் கல்யாணங்களுக்கு அப்பளம் கேட்டு மண்டபங்களிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. அப்பளமோ கைக்குழந்தை மாதிரி. சாரல் பட்டால் பூஞ்சை பிடிக்கும், புழுதி பட்டால் நறநறக்கும், இருட்டில் கிடந்தால் புளித்த வாடை அடிக்கும். ஒரு வீட்டுச் சாரல் அடுத்த வீட்டு அப்பளத்தில் தெறித்து, ஒரு ஈடு முழுக்க ஆற்றில் கொட்டவேண்டி வந்தபோது, அப்பளச் சங்கத் தலைவர் குத்தாலிங்கம் கூட்டம் போட்டார். நல்ல மனுஷன்தான், நாள்காட்டித் தாளில் ராசிபலனைத் தவிர ஆயுளில் எதையும் வாசிக்காதவர், அதனால் அவர் வீட்டுக்கு மேலே வானம் வானமாகவே இருந்தது. சிரிப்புக் கதை வாசித்தால் நல்ல வெயில் அடிக்கிறது என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார்.

"கல்யாண சீசன் முடியுத மட்டும் எல்லாரும் சிரிப்புக் கதைதான் வாசிக்கணும். மத்த புத்தகத்த எல்லாம் சங்கத்துல ஒப்படைச்சிருங்க."

அப்போது வடிவு கையில் இருந்தது அட்டையில் ரயில் படம் போட்ட ஒரு நாவல். அதில் ஒரு பெண், வீட்டை விட்டுப் பெட்டியோடு வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறேன் என்றவன் வரவில்லை. ரயில் வந்து நிற்கிறது. அவள் எழுந்து, ஏறுவதா வேண்டாமா என்று கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறாள். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், கூட்டத்துக்கு மேலே, ஒரு கறுப்புக் குடை தெரிகிறது. அந்த இடத்தில் அத்தியாயம் முடிகிறது. இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. யார் குடை அது?

"அண்ணாச்சி, நாப்பது பக்கம்தான். ஒரே ஒரு மத்தியானம். கும்பிட்டுக் கேக்கேன்."

"ஒரு மத்தியானம் மழைன்னா எத்தன வீட்டு அப்பளம் போவும்னு ஒனக்கே தெரியும்லாம்மா" என்று குத்தாலிங்கம் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதால் வடிவால் சண்டைகூடப் போடமுடியவில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு மாவை உருட்டினால் குடை, தேய்த்தால் குடை, காய்ந்த அப்பளத்தை அடுக்கினால் குடை. சோறு இறங்கவில்லை. தாங்காமல் எல்லாரிடமும் கேட்டாள். "சந்தேகமே வேண்டாம், அது பேய்தான். கொடை மட்டும் வரும், கீழ ஆளு இருக்காது" என்றாள் ஆவுடைத்தங்கம். "மாறுவேசத்துல வந்த ரயில்வே போலீசு" என்று பூலுடையார் அடித்துச் சொன்னார். "வெண்கொற்றக் கொடையா இருக்கும், ராசா வந்திருப்பாரு" என்றான் சொரிமுத்து. "ஒங்க ராசா தலையில இடி விழ" என்று வடிவு அழுதேவிட்டாள்.

சங்கம் சொன்னபடி தெரு சிரிக்கத் தொடங்கியது. காலையில் கஞ்சி குடித்ததும் அவரவர் தட்டட்டி நிழலில் உட்கார்ந்து சிரிப்புக் கதை வாசிக்க, வீட்டுக்கு வீடு வெயில் எழும்பி, முதல் வாரம் அப்பளம் தங்கமாகக் காய்ந்தது. குத்தாலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் ஒரு தெரு முழுக்க ஒரே கதையை வாசித்தால் என்ன ஆகும்? வெயில்மேல் வெயில் ஏறி உட்கார்ந்துகொண்டது, இறங்கவே இல்லை. அப்பளம் என்பது வளைத்தால் தோல் மாதிரி வளைகிற பதத்தில் எடுத்து நிழலில் அடுக்கவேண்டிய சாமான். இப்போது கடைசி அப்பளத்தைப் பரப்பிவிட்டுத் திரும்பினால் முதல் அப்பளம் கிண்ணமாகச் சுருண்டு, படீரென்று வெடித்துக் கிடந்தது. கோழி அவித்த முட்டையே இட்டது. கிணற்றில் வெந்நீர் வந்தது, அதில் கலந்து வெளாவிக் குளிக்கப் பச்சைத் தண்ணீருக்கு அடுத்த தெருவுக்குக் குடத்தோடு ஓடினார்கள். தட்டுக்கு அடியில் புத்தகம் வைப்பதும் நின்றுபோயிற்று. இவள் வீட்டிலும் அதே மாமியார் ஜோக், அவள் வீட்டிலும் அதே மாமியார் ஜோக், எதை வைக்க? கடுகடு என்று முகத்தை வைத்துக்கொண்டு நாலாவது தடவையாக அதையே வாசிக்க வாசிக்க, வெயில் இன்னும் உக்கிரமாக அடித்தது.

"நீங்க சரியாச் சிரிக்கலம்மா, இன்னும் நல்லாச் சிரிங்க" என்று குத்தாலிங்கம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

இப்படி இருக்கையில், ஒருநாள் காலையில் தெருவில் மண்வாசனை அடித்தது. எல்லாரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பார்த்தால், குத்தாலிங்கம் வீட்டுத் தட்டட்டியில் மழை! சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, தண்ணீர் குழாய் வழியாகத் தெருவுக்கு ஊற்றுகிறது. தெருவே படியேறி ஓடியது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில், வேட்டி உடம்போடு ஒட்டி, மீசை தொங்கி, மடியில் ரயில் படம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு, சங்கத் தலைவர் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி..." என்றாள் வடிவு.

வெல்லப்பானைக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அவர் எழுந்து நின்றார். "பூச்சி கீச்சி அரிச்சிருக்கான்னு சும்மா பிரிச்சுப் பாத்தேம்மா. மொத நாளு ராத்திரி, தெரு ஒறங்குன பொறவு ஒரு பக்கம். பொறவு அந்தப் புள்ளைய பெஞ்சில விட்டுட்டு வர மனசே வரல."

"எது மட்டும் படிச்சிய?"

"முடிச்சிட்டேன்."

"அப்பம் அந்தக் கொடை யாரு கொடை அண்ணாச்சி?" என்று ஆவுடைத்தங்கம் முந்திக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார். "சொல்லாதிய!" என்று வடிவு போட்ட சத்தத்தில் அவர் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, "யக்கா, நீ சும்மா கெட! அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொன்னிய, பொறவு நான் மனுசியா இருக்கமாட்டேன்! புத்தகத்தக் குடுங்க!" என்று முழங்கையாலேயே அதை இழுத்து எடுத்தாள். எடுத்து, ஆசை ஆசையாகக் கடைசிப் பக்கங்களைப் பிரித்தாள்.

பிரிக்க வரவில்லை. அந்த நாற்பது பக்கமும் அவருடைய மழையில் ஊறி ஊறி, ஒன்றோடொன்று கூழாகி, உளுந்து மாவு மாதிரி கட்டி கட்டியாகக் கையோடு வந்தது. குடையும் இல்லை, ரயிலும் இல்லை, மை மட்டும் விரலிடுக்கில் ஒழுகியது.

வடிவு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அண்ணாந்து பார்த்தார்கள்; வானத்தில் ஒரு மேகத் துணுக்குக்கூட இல்லை. கதைக்குக் கொட்டிய வானம், அவளுடைய சொந்த அழுகைக்கு அசையவே இல்லை.

"நானே சொல்லிருதேம்மா. ஒரு வரி விடாமச் சொல்லுதேன்" என்றார் குத்தாலிங்கம். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லுங்க" என்றாள். அவர் தொண்டையைக் கனைத்தார், வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "முடியாதும்மா. அந்த எடத்துல எனக்கு நெஞ்சு எப்படித் துள்ளிச்சோ, ஒனக்கும் துள்ளணும்லா? நான் சொன்னா வெறும் செய்தியால்லா போயிரும்" என்றார். சொன்னவர் விடுவிடு என்று படியிறங்கி, ஈர வேட்டியோடு அப்படியே போய், நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். இன்னொரு பிரதி எங்கே கிடைக்கும் என்று அவருக்கும் தெரியாது.

தடை நீங்கியது என்று யாரும் தண்டோரா போடவில்லை. பஸ் புறப்பட்ட புகை அடங்குமுன் தெரு சங்கத்து அறைக்குள் பாய்ந்து, அவரவர் புத்தகத்தை அவரவர் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அந்த வானத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஒரு பக்கம் குளம்படி, ஒரு பக்கம் கும்மிருட்டு, ஒரு பக்கம் பச்சை வெளிச்சம், நடுவில் பூலுடையார் பனி. மலைபோல் குமிந்திருந்த வெயில் கலைந்து, குழைந்து, மஞ்சள் கரைத்த மாதிரி இதமாக இறங்கியது. இருட்டு வீட்டு அப்பளத்தை வெயில் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், காய்ந்ததும் பனி வீட்டுக்கு ஆறவைக்கத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஓடுகிறபோதே கதையும் பேசினார்கள். அப்பளம் வெடிப்பது நின்றது. வடிவு மட்டும் எதையும் வாசிக்காமல், தெருமுனையையே பார்த்துக்கொண்டு மாவு உருட்டினாள்.

குத்தாலிங்கம் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. திருநெல்வேலியில் இல்லையென்று மதுரைக்குப் போனாராம், மதுரையில் இல்லையென்று திருச்சிக்குப் போனாராம் என்று கண்டக்டர்கள் வழியாகச் சேதி வந்தது. கடைசியில் ஒரு மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், ஆற்றுப்பாலத்தின் மேல் ஒரு பஸ் வந்தது. அந்த பஸ்ஸின் தலைமேல் மட்டும் அளவெடுத்தாற்போல மழை பெய்துகொண்டே வந்தது.

"அண்ணாச்சி வாராவ!" என்று தெரு கத்தியது.

நனைந்த கோழியாக இறங்கின டிரைவரும் கண்டக்டரும் திட்டித் தீர்த்தார்கள். குத்தாலிங்கம் காதில் எதுவும் ஏறவில்லை. தலையில் ஒரு சாக்கு மூட்டைப் புத்தகம், அதற்கு மேலே பாலிதீன் உறையில் மூன்று சுற்றுச் சுற்றி, ரயில் படம் போட்ட நாவல். "இத ஒரு பக்கம்கூடப் பிரிக்கலம்மா. மழை வேற கதைக்கு" என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

வடிவு அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். பெரிய மண்டபத்துக்குப் போகவேண்டிய கடைசி ஈடு, தெரு நெடுக எல்லாத் தட்டட்டியிலும் விரித்துக் கிடந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "காயட்டும். நான் சாயந்தரமா படிச்சுக்கிடுதேன்" என்றாள்.

ஆவுடைத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "சாயந்தரம் மட்டும் நீ உசுரோட இருப்பியாட்டி? மூஞ்சியப் பாரு! ஏய், எல்லாரும் அப்பளத்த எடுங்கட்டி! வடிவு படிக்கப் போறா!"

ஒரு வீட்டில்கூட, ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பாதி காய்ந்த அப்பளத்தைப் பாயோடு சுருட்டி, முறத்தில் வாரி, மடியில் கட்டி, கல்யாண ஈட்டை எல்லாம் வீட்டுக்குள் கொண்டு வைத்தார்கள். குத்தாலிங்கமே தலைச்சுமையாக நாலு வீட்டு அப்பளத்தை இறக்கினார். கடைசித் தட்டு உள்ளே போனதும் தெரு தட்டட்டிகளில் ஏறி நின்றது. வடிவு தன் வீட்டுத் தட்டட்டியில், கத்தரிச்செடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, சொரிமுத்து புத்தகத்துக்கு நேராகக் குடை பிடிக்க, நாற்பது பக்கம் இருக்கிற இடத்தைப் பிரித்தாள்.

முதலில் தூறியது. பிறகு வலுத்தது. நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று நின்றது. தெரு அவள் முகத்தையே பார்த்தது, அவள் இமைக்கவில்லை. பிறகு அவள் உதடு கோணியது, கண் நிறைந்தது, அப்படியே சிரித்தாள். வெயிலும் மழையும் ஒன்றாக, மினுமினு என்று, கண்ணாடி வளையலை உடைத்துக் கொட்டினதுபோல அவள் தட்டட்டியில் இறங்கியது. அப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை. சுவர் தாண்டி, படியேறி, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு எல்லாரும் அதில் நனைய வந்துவிட்டார்கள், தரகர்கூட "வந்துட்டு, வந்துட்டு" என்று குதித்தார். தட்டட்டி இடிந்துவிடுமோ என்று சொரிமுத்துதான் பயந்துபோனான்.

வடிவு புத்தகத்தை மூடினாள். "யாரு கொடைட்டி?" என்று ஆவுடைத்தங்கம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். வடிவு குத்தாலிங்கத்தைப் பார்த்தாள், குத்தாலிங்கம் வடிவைப் பார்த்தார். தெரிந்த ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் தெரியும். நானும் சொல்லப்போவதில்லை.

"சொல்லமாட்டேன் யக்கா. வேணும்னா படிச்சுப் பாரு."

"போட்டி. ஒன் அழுமூஞ்சிக் கதைய யாரு படிப்பா" என்று சொல்லிக்கொண்டே ஆவுடைத்தங்கம் புத்தகத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் கல்யாண ஈடு மறுபடி தட்டட்டிகளில் காய்ந்தது. வடிவு கடைசித் தட்டைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்துத் தட்டட்டியில் வழக்கமான இருட்டு இல்லை. இத்தனை நாளில் ஒரு சொட்டு விழாத அந்தத் தரையில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. வடிவு கைமாவோடு சுவரோரம் போய் நின்றாள். அடுக்களையில் இருக்கிறவள் முகம் தெரியவில்லை, ஆனால் மழையைப் பார்த்தே எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது. இப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது ரயில் வருகிறது.

மழை சட்டென்று நின்றது.

"கொடையப் பாத்துட்டா" என்று வடிவு தனக்குள் சொல்லி, கத்திவிடாமல் இருக்க மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பக்கம் புரளுகிற சத்தம் கேட்டது. "அடியே வடிவு, பாவி!" என்று ஒரு கூச்சல் கேட்டது. மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. சாரல் சுவர் தாண்டி வந்து வடிவின் அப்பளத்தில் தெறித்தது. அவள் எடுக்க ஓடவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.